பெஞ்சு மார்க்

கிட்டத்தில் வந்து உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம். அது உட்காருவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. போன மாதம் ஒரு வாத்தியார் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார், எழுப்பிவிட ரெண்டு பேர் வேண்டியிருந்தது. இந்த முக்காலி என்னுடையது, இதில் உட்காருங்க. நான் படியில் உட்கார்ந்துகொள்கிறேன். இன்னும் கொஞ்சம் கிட்ட. மெதுவாகத்தான் பேசணும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூலையில் ஒருத்தி குனிந்து கோடு போட்டுக்கொண்டிருக்கிறாளே, அவள் பேச்சும் இதில் வருகிறது.

டீயைக் குடிங்க. சார் வர நேரமாகும். உள்ளேதான் இருக்கிறார், யோசித்துக்கொண்டிருக்கிறார். யோசிக்கும்போது கதவைத் தட்டக் கூடாது என்று எனக்கு உத்தரவு. சில நாள் யோசனை குறட்டை மாதிரிக் கேட்கும். அப்போதும் தட்டக் கூடாது.

வீடு கட்டணுமா? நல்லது. வீட்டில் அம்மா என்னென்ன வேணும் என்று தாளில் எழுதிக் கொடுத்திருப்பாங்களே. அடுப்படிக்கு ரெண்டு ஜன்னல், துணி காயப்போட ஒரு இடம், அப்படித்தானே? அதைப் பையிலேயே வையுங்க. கொடுத்தால் சார் ரெண்டு கையாலும் வாங்குவார், கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். வாங்கி மேஜை மேல் வைப்பார். சாயங்காலம் நான்தான் அதைப் பெருக்கித் தள்ளுவேன். இந்த ஆபீஸில் பதினோரு வருசமாகப் பெருக்குகிறேன். எத்தனை அடுப்படி ஜன்னலைப் பெருக்கியிருப்பேன் தெரியுமா.

என் பெயர் ஆவுடையம்மாள். மூணாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் காது நல்ல காது. இந்தக் காதுக்குத் தப்பி இந்த ஆபீஸில் ஒரு பேச்சும் போனதில்லை.

வாசலில் போர்டு பார்த்தீங்களா? ‘காலியிடம்’. அதுதான் இந்த ஆபீஸுக்குப் பெயர். சார் வைத்தது. தினம் நாலு பேர் வண்டியை நிறுத்தி, எத்தனை செண்டு, என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். இன்னும் நாலு பேர் சர்ட்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்து, வேலை காலி இருக்காமே என்கிறார்கள். “வீடு கட்டுறவங்கன்னு கீழ ஒரு வரி எழுதிப் போடுங்க சார்” என்றேன். “ஆவுடையக்கா, நாம வீடு கட்டல. இடைவெளிய வடிவமைக்கோம்” என்றார். அவர் பேச்சு பாதி நம் ஊர்ப் பேச்சு, பாதி எங்கேயோ போய்ப் படித்துவிட்டு வந்த பேச்சு. அவருக்கு அவர் அப்பா வைத்த பெயர் தீர்த்தாரப்பன், குலசாமி பெயர். இப்போது தீர்த்தா. அப்பனை எடுத்துவிட்டார். இடைவெளிக்காகத்தான் எடுத்திருப்பார்.

சரி, நான் சொல்ல வந்தது நிழற்குடை சமாசாரம்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் சார் எல்லோரையும் வட்டமாகத் தரையில் உட்காரச் சொன்னார். இத்தனை நாற்காலி கிடக்கும்போது எதற்குத் தரையில் என்றால், அது சமத்துவமாம். சமத்துவத்துக்கு நான்தான் டீ கொண்டுவந்து கொடுத்தேன்.

“இத்தன வருசமா இந்த ஊர்ல தொழில் பண்ணுதோம். ஊருக்கு என்ன திருப்பிக் கொடுத்தோம்?” என்றார்.

வாங்கினால்தானே திருப்பிக் கொடுக்க என்று நான் நினைத்துக்கொண்டேன். ஊர் இவரிடம் செண்டு விலையைத்தானே கேட்டது.

அன்றைக்கு முடிவானது இது. நம் தெரு முக்கில் தண்ணித்தொட்டி பஸ் நிறுத்தம் இருக்கிறது, நீங்களும் அங்கேதான் இறங்கியிருப்பீங்க. அங்கே இருந்த பழைய நிழற்குடையை லாரி இடித்துத் தள்ளி ரொம்ப நாளாகிவிட்டது. சார் புதுசு ஒன்று இலவசமாக வரைந்து கொடுப்பார். ரைஸ்மில் முதலாளி ஒருவர் கட்டித் தருவார், அவர் அப்பா பெயரைப் போட்டால் போதும். மாநகராட்சியும் சரி சொல்லிவிட்டது. எல்லாம் பேசி முடித்து எழுந்து செருப்பு மாட்டும்போதுதான் சார் இன்னொன்றும் சொன்னார். ஊரோடு சேர்ந்து வேலை செய்கிற ஆபீஸுக்கு பம்பாயில் ஒரு சங்கம் வருசா வருசம் பரிசு கொடுக்கிறதாம். சும்மா ஞாபகம் வந்ததாம்.

இப்போது செம்பகத்தைப் பற்றிச் சொல்லணும். செம்பகம் என் வீட்டுக்காரரின் தங்கை. அவர் போய்ச் சேர்ந்தார், அவள் புருசனும் போய்ச் சேர்ந்தான், மிஞ்சியது நாங்கள் ரெண்டு பேர். நாற்பது வருசமாக ஒரே கூரைக்குக் கீழே. நான் வெந்நீர் என்றால் அவள் பச்சைத்தண்ணீர் என்பாள். இருபத்தாறு வருசமாக அந்தத் தண்ணித்தொட்டி நிறுத்தத்தில்தான் பிச்சிப்பூ விற்கிறாள். இடது முழங்கால் மடங்காது. தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேணும். அதனால் எங்கள் வீட்டுத் துணி துவைக்கிற கல்லைக் கொண்டுபோய் அங்கே போட்டு, அதன் மேல் உட்கார்ந்திருக்கிறாள். என் கல். என் மாமியார் எனக்கென்று வாங்கிப் போட்ட கல். வீட்டுக்குக் குழாய் வந்த வாரம், ஒரு வார்த்தை கேட்காமல் வண்டி வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அது கிடக்கட்டும். அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் சார் எழுந்துவிடுவார்.

முதலில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் ஒட்டுகிற கலர்த் தாள் ஒன்று, மஞ்சள், ரோஸ், பச்சை. நிழற்குடையில் உங்களுக்கு என்ன வேணும், எழுதிச் சுவரில் ஒட்டுங்கள் என்றார் சார். எழுதத் தெரியாதவர்களுக்கு ஜெபக்கனி எழுதிக் கொடுத்தாள். இந்தா, மூலையில் இருக்கிறவள்தான் ஜெபக்கனி. பாலிடெக்னிக் படித்தவள், முப்பத்தைந்து வயசு, ரெண்டு பிள்ளைக்குத் தாய். சார் கையால் கிறுக்குவதை ஒழுங்காக வரைந்து கொடுப்பது அவள் வேலை. வாயைத் திறந்தால் ‘சரி சார்’, ‘சரிக்கா’, இதைத் தவிர ஒன்றும் வராது. கொஞ்சம் மந்தம். நல்ல பிள்ளைதான், மந்தம்.

சுவர் முழுக்கத் தாள். சார் ஒவ்வொன்றாக வாசித்தார். பெஞ்சு. பெஞ்சு. உட்கார பெஞ்சு. பெஞ்சு. மழைக்கு ஒதுங்க இடம், பெஞ்சு. நல்ல பெஞ்சு. ஒரே ஒரு தாளில் ‘கரும்பு ஜூஸ்’ என்று இருந்தது, அது யாரென்று தெரியவில்லை.

சார் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரிடம் போய்க் குனிந்து கேட்டார்: “ஐயா, பெஞ்சுன்னு எழுதிருக்கீங்க. அதுல நீங்க சொல்ல வர்ற உணர்வு என்ன?”

“முழங்கால் வலிங்கிற உணர்வுதான்” என்றார் அவர்.

மறுநாள் ஆபீஸில் சார் அந்தத் தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு அரை நாள் யோசித்தார். பிறகு வெளியே வந்து சொன்னார்: “மக்கள் கேக்குறது பெஞ்ச் இல்ல. ஓய்வு. ஓய்வுங்கிறது ஒரு மனநிலை. அத ஒரு பெஞ்சுக்குள்ள அடைக்க முடியாது.”

நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள்தான். ஆனாலும் பெஞ்சு என்று எழுதினால் பெஞ்சு என்றுதானே வாசிக்கணும்?

பத்து நாளில் அட்டையில் நிழற்குடை செய்து மேஜையில் வைத்துவிட்டார்கள். அழகு என்னவோ அழகுதான், கல்யாண வீட்டில் வைக்கலாம். ஒல்லியாக நாலு கால். மேலே தகரம். தகரம் முழுக்க இலை இலையாக ஓட்டை. ரோட்டை அகலப்படுத்தும்போது வெட்டின வேப்பமரத்து நிழலைத் திருப்பிக் கொண்டுவருகிறாராம்.

“ஓட்ட வழியா மழ வராதா சார்?”

“மழையும் ஒரு அனுபவம்தான் ஆவுடையக்கா.”

உட்கார என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. இடுப்பு உயரத்தில் சாய்வாக ஒரு குழாய். அதில் சாய்ந்து நிற்கணும். உட்கார்ந்தால் படுப்பார்களாம், படுத்தால் தூங்குவார்களாம். யார் சொல்வது பாருங்க, கதவைச் சாத்திக்கொண்டு யோசிக்கிறவர்.

அந்தக் குழாயை மாட்டுவதற்கு எட்டு போல்ட்டு. அந்த போல்ட்டும் கடைப் போல்ட்டு இல்லை, தலையில் பூ மாதிரி வெட்டு வைத்து, கோயம்புத்தூரில் சொல்லிச் செய்தது. எட்டுதான் செய்வார்கள், ஒன்பதாவது வேணுமென்றால் திரும்ப முதலிலிருந்து சொல்லணுமாம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க.

அட்டை நிழற்குடைக்குள் காகிதத்தில் ஆட்கள் வெட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒல்லியாக, தலை சின்னதாக, ஒருத்தர் கையிலும் ஒரு பை இல்லை. நம் நிறுத்தத்தில் பை இல்லாமல் யார் நிற்கிறார்கள்?

“இதுல செம்பகம் எங்க சார்?” என்றேன்.

“யாரு?”

“பூக்காரி. என் நாத்தனா.”

“ஓ, அவங்களா. அந்த இடம் கொஞ்சம் சுத்தமா இருக்கணும்க்கா. அவங்க எதிர்ப்பக்கம் போயிரலாம். ஒரே ரோடுதானே.”

எதிர்ப்பக்கம் சாக்கடை. மத்தியானத்திலிருந்து வெயில் மூஞ்சியில் அடிக்கும். பிச்சிப்பூ ரெண்டு மணிக்கெல்லாம் சுருண்டுவிடும். பஸ் நிற்பதும், பொம்பளைகள் இறங்குவதும் இந்தப் பக்கம். ஒரே ரோடுதானே என்கிறார். பார்த்தேன், பக்கத்தில் கிடந்த அழிரப்பரை எடுத்து அட்டை நிழற்குடை ஓரத்தில் கல் மாதிரி வைத்தேன். ஒரு காகித ஆளைக் காலை மடக்கி அதன் மேல் உட்கார வைத்தேன். சார் ஒரு விரலால் சுண்டிவிட்டார். ரெண்டும் கீழே விழுந்தது. ஜெபக்கனி குனிந்து ரெண்டையும் எடுத்து அவள் டிராயருக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு அழிரப்பருக்கு இப்படி அலைகிறாளே என்று நினைத்தேன்.

வீட்டில் போய்ச் சொன்னேன்.

“ஏட்டி செம்பகம், உன்னைய அங்கேருந்து எடுக்கப் போறாங்களாம்.”

“எடுக்க நான் என்ன குப்பையா மதினி?”

“எதிர்ப்பக்கம் போகணுமாம்.”

“உங்க ஆபீசுல சொல்லி நிப்பாட்ட உங்களுக்குத் துப்பில்லையாக்கும்.”

“என் கல்லத் தூக்கிட்டுப் போகும்போது என்கிட்டக் கேட்டியா? இப்ப மட்டும் நான் வேணுமோ?”

பூவை எடுத்துக் கட்ட உட்கார்ந்துவிட்டாள். அதுதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது. பூவை அவ்வளவு நெருக்கிக் கட்டுகிறவள், அன்றைக்கு ஒரு சாண் சரத்துக்கு எட்டே எட்டுப் பூ வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு என்ன கவலை என்கிறீங்களா? அவள் வியாபாரம் போனால் பகல் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருப்பாள். நான் வேலை முடிந்து வந்தால் எதிரே அவள் மூஞ்சி. எனக்கு அந்தக் கவலைதான். வேறொன்றும் இல்லை.

வேலை ஆரம்பிக்கிறதற்கு முன்னால் ரோட்டு மட்டம் பார்க்க ஜெபக்கனியை அனுப்பினார்கள். டேப் பிடிக்கக் கூட ஆள் இல்லை, என்னை அழைத்துக்கொண்டு போனாள். போனவள் வேலையைப் பார்க்காமல் கல்லில் செம்பகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு முழம் பூ வாங்கினாள். பேச்சுக் கொடுத்தாள். எத்தனை மணிக்கு வாறீங்க, வெயில் எப்படி வருது, மழை வந்தா எங்க ஒதுங்குவீங்க. சொல்கிறேனே, மந்தம். அளக்க வந்த இடத்தில் அரட்டை.

“செம்பகக்கா, இந்தக் கல்லு ஆடுமா?”

“ஆடுறதாவது. லாரி வந்து நிழற்குடைய இடிச்ச அன்னைக்கே இது அசையல.”

“அப்ப இதுதான் சரி” என்று எழுந்தாள். பையிலிருந்து சிவப்புப் பெயிண்டும் பிரஷும் எடுத்துக் கல்லின் பக்கவாட்டில் ஒரு கோடு, ஒரு அம்புக்குறி, ரெண்டு இங்கிலீஷ் எழுத்து போட்டாள்.

“ஏட்டி, என் கல்லுல என்ன கிறுக்குத?”

“பெஞ்ச் மார்க் போடுதேன்க்கா. கட்டடத்துல எது எவ்வளவு உயரம்னு எல்லாத்தையும் இந்தக் கல்லுல இருந்துதான் அளக்கணும். வேல முடியுற வரைக்கும் இத யாரும் அசைக்கக் கூடாது. அசைச்சா எல்லாக் கணக்கும் தப்பிரும்.”

பாருங்க, பக்கத்தில் கரண்டுக் கம்பம் நிற்கிறது. தண்ணித்தொட்டிக்குக் கால் நாலு நிற்கிறது. பள்ளிக்கூடத்துக்குக் கருங்கல் படி இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு துவைக்கிற கல்லில் போய் அடையாளம் வைக்கிறாள். பாலிடெக்னிக்கில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா?

அதற்கு மேலும் ஒன்று செய்தாள் கேளுங்க. சார் வரைபடத்தைத் தமிழிலும் ஒன்று எழுதிப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டச் சொல்லியிருந்தார். ஊர்க்காரர்கள் பார்க்கணுமாம், பங்கெடுக்கணுமாம். சார் தமிழில் பேசுவார், வாசிக்கமாட்டார். கீழே கையெழுத்து மட்டும் போட்டார். ஒட்டுவதற்குப் பசை காய்ச்சியது நான். நான் எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தால், கல் இருக்கிற இடத்தில் அம்புக்குறி போட்டு, இருக்கிற எழுத்திலேயே பெரிய எழுத்தாக, ‘பெஞ்சு மார்க்’ என்று எழுதியிருக்கிறாள்.

“ஏட்டி ஜெபக்கனி, பெஞ்சே கிடையாதுன்னு சார் சொல்லிட்டாரு. நீ பெஞ்சுன்னு எழுதி வச்சிருக்கியே.”

“அது அந்த பெஞ்சு இல்லக்கா. உயரம் பாக்குற அடையாளம். அன்னைக்குச் சொன்னேன்ல?”

“பாக்குறவன் பெஞ்சுன்னுல்லா வாசிப்பான்.”

“ஐயையோ, ஆமாக்கா. நான் யோசிக்கல. யார்கிட்டயும் சொல்லிராதீங்க.”

முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. சரி, சின்னப் பொம்பளை, பிழைப்பு போய்விடக் கூடாதே என்று நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை. பால்காரர் கேட்டார், அவரிடம் சொன்னேன். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்றவளிடமும் பின்னால் நின்றவளிடமும் சொன்னேன், ரெண்டு பேருக்கு நடுவில் நின்றுகொண்டு ஒருத்தியிடம் மட்டும் எப்படிச் சொல்வது? பிறகு கவுன்சிலர் தவமணியம்மா வீட்டுக்கு முறுக்கு சுற்றப் போனபோது பேச்சுவாக்கில் வந்தது. வேறு யாரிடமும் சொல்லவில்லை.

பூமி பூஜை. பந்தல் போட்டு, ரைஸ்மில் முதலாளி பட்டு வேட்டியில் வந்திருந்தார். பம்பாயிலிருந்து படம் பிடிக்க ஒருவர். கொத்தனார் சொரிமுத்து மம்பட்டியோடு. ஊரில் பாதி அங்கேதான். இத்தனை பேர் எப்படி வந்தார்கள் என்று எனக்கே ஆச்சரியம். செம்பகம் கல்லைவிட்டு எழுந்திருக்கவில்லை, கூடையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். மறுநாள் அந்த இடம் இருக்குமோ இருக்காதோ.

தவமணியம்மா மைக்கைப் பிடித்தார்கள்.

“பள்ளிக்கூடச் சுவத்துல படத்தப் பாத்தேன். நம்ம சனம் கேட்டத மறக்காம சார் பெஞ்சுக்கு மார்க் போட்டுட்டாவ. அந்தா, அந்தக் கல்லுப் பக்கத்துலதான சார் பெஞ்சு வருது?”

சார் ஜெபக்கனியைப் பார்த்தார். ஜெபக்கனி மண்ணைப் பார்த்தாள்.

“அது வந்து மேடம், பெஞ்ச் மார்க்னா...”

“பெஞ்சுக்கு மார்க்கு. தெரியுது சார், எனக்கும் கொஞ்சம் இங்கிலீசு வரும்.”

சனம் கையைத் தட்டியது. தபால்காரர் நொண்டிக்கொண்டே வந்து சார் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பம்பாய்க்காரர் அதை டப்பு டப்பென்று படம் எடுக்கிறார். ரைஸ்மில் முதலாளி எழுந்து, “பெஞ்சு முதுகுலயே அப்பா பேரப் போட்டிருவோம் சார். கூரையில போட்டா எவன் அண்ணாந்து பாப்பான்?” என்கிறார். இனி அத்தனை பேருக்கும் முன்னால் நின்று, பெஞ்சு இல்லை, நீங்கள் கேட்டது மனநிலை என்று சொல்ல எந்தத் தீர்த்தாவுக்குத் தைரியம் வரும்?

“ஆமா. பெஞ்ச்” என்றார் சார்.

சொரிமுத்து கொத்தனார், “நீளம் எவ்வளவு சார்?” என்று கேட்டார். ஜெபக்கனிதான் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அதில் பெஞ்சு வரைந்து, அளவெல்லாம் போட்டு இருந்தது. பன்னிரண்டடி நீளம், ஒன்றரை அடி உயரம், பின்னால் சாய முதுகு. அந்தப் பிள்ளை எப்போதும் அப்படித்தான், வேண்டாத தாளையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு திரியும். அன்றைக்கு ஏதோ அதிர்ஷ்டம், உபயோகப்பட்டது.

“கல்லுக்கு இந்தப் பக்கம் நாலு விரக்கட விட்டு பெஞ்ச நிப்பாட்டிருங்கண்ணே. கல்லத் தொடக் கூடாது. பெஞ்ச் மார்க்கு” என்று மட்டும் சொன்னாள்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் சார் அவளை உள்ளே கூப்பிட்டார். நான் வாசல்படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காலையில் துடைத்ததுதான், இருந்தாலும் தூசி.

“மட்டக்குறின்னு எழுத வேண்டியதுதானே? தமிழ்ல அதுக்குச் சொல்லா இல்ல?”

“மக்களுக்குத் தெரிஞ்ச சொல்லா எழுதச் சொன்னீங்க சார்.”

பாருங்க, தப்பு செய்தவள் காலில் விழ வேண்டாமா? இப்படியா பதில் சொல்வது? எப்படியோ வேலை தப்பியது. ஊரில் நான் அந்தப் பேச்சைப் பக்குவமாகப் பரப்பி வைக்காமல் இருந்திருந்தால் பெஞ்சும் இல்லை, ஒன்றும் இல்லை. அது அவளுக்கும் தெரியாது, சாருக்கும் தெரியாது. நான் சொல்லிக்கொள்வதில்லை.

பெஞ்சு வந்தது. போய்ப் பாருங்க, எந்த நேரமும் ஆறு பேர் இருப்பார்கள். அந்தச் சாய்வுக் குழாயில் ஒருத்தர் சாய்ந்து நான் பார்த்ததில்லை. குடையைத் தொங்கவிடுகிறார்கள். கூரைக்கு மேல் ரைஸ்மில் முதலாளி ஒரு தார்ப்பாய் போட்டுவிட்டார், அவர் அப்பா பெயர் நனைகிறதாம். படம் எடுக்க வரும்போது மட்டும் தார்ப்பாயைச் சுருட்டுவார்கள். பம்பாய்ப் பரிசும் வந்துவிட்டது. அந்தா சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. ‘மக்களின் குரலைக் கேட்ட பெஞ்சு’ என்று எழுதியிருக்கிறதாம். சாரும் இப்போது வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் பெஞ்சு தனக்கு எப்படித் தோன்றியது என்று சொல்கிறார். உங்களிடமும் சொல்வார். தலையை ஆட்டிக்கொள்ளுங்க.

செம்பகம் இன்னும் கல்லில்தான் இருக்கிறாள். பெஞ்சில் பயணிகள்தான் உட்காரலாம், யாவாரம் கூடாது என்று மாநகராட்சி பலகை வைத்திருக்கிறது. கல்லைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதில்தான் சிவப்புக் கோடு இருக்கிறதே.

ஆனால் சாருக்கு அந்தக் கல் கண்ணை உறுத்துகிறது. புத்தகம் போடப் போகிறாராம், படத்தில் கல்லும் கூடையும் விழக் கூடாது. வேலை முடிந்தது என்று ஒரு தாள் எழுதி மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டால் போதும், பெஞ்சு மார்க்குக்கு அப்புறம் வேலை இல்லை. மறுநாளே வண்டி வந்து கல்லை அள்ளிக்கொண்டு போய்விடும். எட்டு மாதமாக வாரம் தவறாமல் கேட்கிறார்.

“ஜெபக்கனி, தண்ணித்தொட்டி வேல முடிஞ்சிட்டுன்னு எழுதிரலாமா?”

“ஒரு போல்ட்டு பாக்கி சார். குழாய்க்கு ஏழுதான் மாட்டிருக்கு. எட்டாவது காணோம். கோயம்புத்தூர்ல சொல்லிருக்கு.”

“சாதா போல்ட்டு மாட்டக் கூடாதா?”

“மாட்டலாம் சார். பூ வெட்டு இருக்காது. படத்துல தெரியும்.”

சார் பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். இப்படி எட்டு மாதம். இருந்ததே எட்டு போல்ட்டு, அதில் ஒன்றைத் தொலைத்துவிட்டு, வாங்கவும் துப்பில்லாமல் ஒருத்தி. நானாக இருந்தால் ஒரு நாளில் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறியிருப்பேன்.

அதைத்தான் சொல்ல வந்தேன். இன்றைக்குக் காலையில் அவள் டிபன் பாக்ஸைக் கழுவலாம் என்று திறந்தேன். எப்போதும் அவளே கழுவிக்கொள்வாள், நேற்றுப் பாத்திரம் கழுவுகிற தொட்டியடியில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அடித்தட்டில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால், பூ வெட்டு வைத்த போல்ட்டு. அதோடு ஒரு அழிரப்பர், காலை மடக்கின காகித ஆள் ஒன்று. குப்பையெல்லாம் சோற்றுப் பாத்திரத்தில்.

கழுவித் துடைத்துக் கொண்டுபோய் அவள் மேஜையில் வைத்து, போல்ட்டைக் கையில் கொடுத்தேன்.

“ஏட்டி, இதுக்குத்தான் எட்டு மாசமா சாரு கெடந்து தவிக்காரு. உன் சோத்துப் பாத்திரத்துக்குள்ளயே கெடக்கு. இவ்வளவு மறதி ஆகுமா ஒரு பொம்பளைக்கு?”

வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்படின்னா சார்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்கக்கா” என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் தொலைத்ததற்கு நான் போய்ச் சொல்லணுமாம். எனக்கென்ன தலையெழுத்தா? நான் அவள் வைத்த ஆளா? “போடி, உன் வேலைய நீ பாரு. நான் ஒரு வார்த்த சொல்லமாட்டேன், இன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

“சரிக்கா” என்றாள். போல்ட்டைத் திரும்பவும் காகிதத்தில் சுற்றி, நான் கழுவிக் கொண்டுவந்த டிபன் பாக்ஸின் அடித்தட்டில் வைத்து, மூடியை அழுத்தி மூடிவிட்டு, குனிந்து கோடு போட ஆரம்பித்துவிட்டாள்.